பதினோரு வருடக் குறிப்புகள் கையில் இருக்கின்றன, குடும்பப் புத்தகமாக்க எங்கே தொடங்குவது?

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை நான். எங்கள் ஊர் மானாமதுரைக்குப் பக்கம். பதினோரு வருடமாக எங்கள் குடும்பத்துக் கதைகளைச் சேர்த்து வருகிறேன். நாலு லாங் சைஸ் நோட்டு, ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் புகைப்படம், போனில் பதிந்த அத்தையின் பேச்சு, மூன்று கல்யாண மொய் நோட்டு, இரண்டு பாகப்பிரிவினைப் பத்திரம். கையில் உள்ளது இவ்வளவுதான்.

அத்தைக்கு இப்போது 91 வயது. பவ வருசம் ரங்கூனில் பிறந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அங்கிருந்து நடந்து வந்த லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். எங்கள் வீட்டில் அந்த நடையைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது அவர் மட்டும். "விசு வருசம் மாசி மாசம் கெளம்புனோம்" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். புரோம் வரை வந்து, ஐராவதியைக் கடந்து, டவுங்குப் கணவாய் மலைப்பாதையில் நடந்து, கடற்கரையில் படகு பிடித்து அக்யாப், சிட்டகாங், கல்கத்தா. வழியில் காலரா. பாதையோரம் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்பார். அவருக்கு அப்போது ஏழு வயது முடிந்திருக்கும்.

அவர் கையில் ஒரு புத்தகமாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்றில் புரை. பெரிய எழுத்து என்றால் கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவார்.

எனக்கு நாலு சிக்கல்.

முதலாவது, தேடுவதை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறை எழுத உட்காரும்போதும் இன்னும் ஒரு ஊர், இன்னும் ஒரு சொந்தம் பாக்கி இருக்கிறது.

இரண்டாவது, வம்சாவளி மரம் மரமாக வரவே மாட்டேன் என்கிறது. எங்களில் அத்தை மகன், மாமன் மகள் சம்பந்தம் மூன்று தலைமுறையாக உண்டு. என் பெரியப்பா மனைவி எனக்குப் பெரியம்மா, இன்னொரு வழியில் அத்தை மகள். இணையத்தில் இறக்கிய மென்பொருளில் போட்டால் கோடு கோட்டை வெட்டிக்கொண்டு வலை மாதிரி நிற்கிறது. போதாததற்குப் பாட்டன் பெயரையே பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே பெயரில் நாலு பேர்.

மூன்றாவது, என் பூட்டியின் பெயர். தாத்தாவைப் பெற்றவர். அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. பூட்டன் பெயர் இருக்கிறது, அவருடைய அப்பா பெயர், ஓட்டன் பெயர் வரை இருக்கிறது. பூட்டி இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் பதினோரு வருடமாக ஒரு கோடுதான் போட்டு வைத்திருக்கிறேன். அத்தையைக் கேட்டால், "அப்பத்தான்னுதானே கூப்புட்டோம், பேரு யாருக்குத் தெரியும்" என்கிறார்.

நாலாவது, சின்னத் தாத்தா. தாத்தாவின் தம்பி. அவரும் ரங்கூனில்தான் இருந்தார். அங்கே ஒரு பர்மாக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு குடும்பமாகிவிட்டார், 1942-ல் ஊர் திரும்பவில்லை. 1964-ல் அங்கே கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது ஒரு கடிதம் வந்ததாம், அதோடு சரி. ஊரில் அவருக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் குடும்பமும் எங்கள் சொந்தம்தான். அதனால் இன்றுவரை அவர் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எழுதலாமா, விடலாமா?

---

அச்சுக்கூடம் | ஞாயிறு, இரவு 10.25

அக்கா, மதுரையில் முப்பது வருடமாக அச்சகம் வைத்திருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு என் தொழிலை வைத்தே பதில் சொல்கிறேன். குடும்ப மலர் போட வேண்டும் என்று வந்து விசாரித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தகவல் வரணும் சார்" என்று போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. சிலர் வீட்டிலிருந்து வேறு அட்டை அடிக்க வந்தார்கள், கண்ணீர் அஞ்சலி. முதலில் தேதியைக் குறியுங்கள். தேதிக்குள் கிடைத்தது புத்தகம், கிடைக்காதது கடைசியில் விடும் வெற்றுப் பக்கம்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

60 பிரதி, 100 பிரதி என்றால் டிஜிட்டலில் அடியுங்கள். ஆஃப்செட்டுக்குப் பிளேட் போடும் செலவு ஒன்றுதான், 50 அடித்தாலும் 500 அடித்தாலும். சில நூறு பிரதிக்கு மேல் போனால்தான் கட்டுபடியாகும். அளவு டெமி போதும். ஆனால் பெரிய எழுத்தும் படங்களும் வேண்டும் என்கிறீர்கள், கிரவுன் கால் அளவு இன்னும் வசதி. உள்தாளுக்கு 80 ஜிஎஸ்எம் (தாளின் கனக் கணக்கு) நேச்சுரல் ஷேட், அதாவது லேசான மஞ்சள் கலந்த தாள் கேளுங்கள். பளீர் வெள்ளைத் தாளில் புரை விழுந்த கண்ணுக்குக் கூசும். படங்களை அங்கங்கே சிதற விடாமல் 16 பக்கமாகச் சேர்த்து, 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாளில் ஒரு ஃபாரமாக, அதாவது ஒரே மடிப்புக் கட்டாகப் போடலாம்.

பைண்டிங்கில் மட்டும் காசு பார்க்காதீர்கள். வெறும் பசை போட்ட பைண்டிங் நாலு பேர் பிரித்துப் படித்தாலே தாள் தாளாக வந்துவிடும். ஃபாரம் ஃபாரமாக மடித்து நூலில் தைத்து, கெட்டி அட்டை போடச் சொல்லுங்கள். அந்தப் புத்தகத்தை மேசையில் விரித்தால் விரித்தபடி படுக்கும். அத்தை மாதிரி வயதானவர்களுக்கு இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் இருக்காது.

இன்னொன்று, நிறையப் பேர் இடறும் இடம். யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தால், லே-அவுட் போடுபவர் இன்டிசைன் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்புக்கு மாற்றாமல் ஊற்றினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். "கொ" என்பது "க" தனி, கொம்பு தனி, கால் தனியாக வரும். அதற்குப் பயந்து சிலர் பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறார்கள், அப்போது வேறு எழுத்துகள் கெடும். முதல் பத்து பக்கத்தைத் தாளில் அடித்து வாங்கி, பெயர்களை மட்டும் ஒரு முறை விரல் வைத்துப் பாருங்கள். கதையில் பிழை இருந்தால் மன்னிப்பார்கள், பெயரில் இருந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

புகைப்படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். மெல்லிய நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்தால் வரும். வராவிட்டால் ஆல்பத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். படத்தின் பின்னால் எழுதுவதென்றால் மெல்லிய பென்சில் மட்டும், பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதித்துவிடும்.

---

வடமராட்சி | திங்கள், காலை 6.12

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோவில இருக்கிறன். உங்கட இழை பார்த்தவுடன எழுத வேணும் போல இருந்தது.

எங்கட ஊரில ஆராவது செத்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிச்சு வாற எல்லாருக்கும் குடுக்கிறது வழமை. நினைவு மலர் எண்டு சொல்லுவம், கல்வெட்டு எண்டும் சொல்லுவம். தேவாரம், சிவபுராணம், செத்தவரின்ர வாழ்க்கை வரலாறு, கடைசியில வம்சாவளி. சின்ன வயசில அதுகளை ஒருத்தரும் பெரிசா எடுக்கேல்லை. சாமி அறைத் தட்டில அடுக்கிக் கிடக்கும்.

1981-ல யாழ் நூலகம் எரிஞ்சது உங்களுக்குத் தெரியும், 97,000 நூல் எண்டு சொல்லுவினம். 1995 ஒக்ரோபர் கடைசியில சண்டையால யாழ்ப்பாணத்தில வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டது. காணி உறுதி, சாதகம், படம் எல்லாம் விட்டிட்டு வந்த சனம் எத்தினை. எங்கட அம்மப்பாவின்ர வீட்டில ஒரு கடுதாசி மிஞ்சேல்லை. ஆனால் அவரின்ர தமையனுக்கு 1978-ல அடிச்ச மலர் ஒண்டு கொழும்பில ஒரு மாமி வீட்டில இருந்தது, இன்னொண்டு லண்டனில. அந்த 24 பக்கத்தில இருந்துதான் எங்கட ஆறு தலைமுறையையும் திருப்பி எடுத்தனாங்கள். இப்ப நூலகம் இணையத்தளத்தில இப்பிடியான மலர்களையும் ஸ்கான் பண்ணிப் போடுகினம்.

அதால நான் சொல்லுறது, வடிவைப் பற்றி யோசிக்கிற அளவுக்கு எத்தினை வீட்டில இருக்கப் போகுது எண்டதையும் யோசியுங்கோ. ஒரு வீட்டில பத்துப் பிரதி இருக்கிறதை விட பத்து ஊரில ஒவ்வொண்டு இருக்கிறது நல்லது.

மரத்துக்கு ஒரு வழி இருக்கு. பெட்டி கீறாதேங்கோ. எண் குடுங்கோ. மூத்தவர் 1, அவரின்ர பிள்ளையள் 1.1, 1.2, அவையின்ர பிள்ளையள் 1.1.1. ஒரே பேர் நாலு பேருக்கு இருந்தாலும் எண் மாறும். முறைக் கலியாணம் வாற இடத்தில ஆளைத் திருப்பி எழுதாமல் "மனைவி: 1.3.2" எண்டு போட்டால் காணும். வாசிக்கிற ஆள் அந்த எண்ணுக்குப் போய்ப் பார்ப்பார். படம் வேணுமெண்டால் உங்கட நேர் வழியை மட்டும் ஒரு மடிப்புத் தாளில கீறிப் பின்னட்டையில ஒட்டுங்கோ.

---

நாஞ்சில்காரன் | திங்கள், காலை 11.05

வருடக் கணக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை, அக்கா. விசு, பவ என்று அத்தை சொல்வதை அப்படியே ஆங்கில வருடமாக்கும்போது அறுபது வருடச் சுற்றை மறக்கக் கூடாது. தாது என்றால் 1876-ம் வரும், 1936-ம் வரும். முதலாவது பெரும் பஞ்சம் தொடங்கிய வருடம், "தாது வருசப் பஞ்சம்" என்று இன்னும் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் தாதுவில் பிறந்தார் என்பதை 1936 என்று போட்டுவிட்டு, அப்பாவை விட மகன் மூத்தவனாகி நின்றேன்.

உங்கள் அத்தை கணக்குச் சரி. விசு 1941 சித்திரையில் தொடங்கியது, அதன் மாசி 1942 பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் பாதி வரை. மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. கடைசி நேரத்தில் கிளம்பியிருக்கிறார்கள். பவ 1934, அதுவும் பொருந்துகிறது.

எங்கள் பக்கம் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு இருக்கும். ஆங்கில வருடமாக்க, ஆவணியிலிருந்து மார்கழி வரை 824 கூட்ட வேண்டும், தையிலிருந்து ஆடி வரை 825. எங்கள் ஆச்சி "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல பெறந்தவ" என்று சொல்லிக்கொள்வார். 1099 ஆடி, அதாவது 1924 ஜூலை வெள்ளம். பிறப்புச் சான்றிதழ் கிடையாது, வெள்ளம்தான் சான்றிதழ்.

புத்தகத்தில் இரண்டையும் போடுங்கள். "விசு, மாசி (1942)" என்று. அத்தை சொன்ன சொல் அத்தையுடையது. கணக்கு நம்முடையது, பிழையாகவும் இருக்கலாம்.

---

கீழச்சீமை | திங்கள், மாலை 4.30

தங்கச்சி, எனக்கு 74 வயது. சின்னத் தாத்தா விஷயத்தில் நான் வெளிப்படையாகச் சொல்கிறேன், எழுத வேண்டாம். அந்தக் காலத்தில் கடல் கடந்து போன எத்தனையோ பேர் வீட்டில் இது உண்டு. ஊரில் பேசி வைத்த பெண்ணின் பிள்ளைகள், பேரன் பேத்திகள் உங்கள் புத்தகத்தை வாங்கிப் படிப்பார்கள். "எங்க ஆச்சியை வேண்டாம்னு விட்டுட்டுப் போனவரு" என்று ஒரு பழைய புண். அதை அச்சில் ஏற்றிக் கொடுப்பது எதற்கு? குடும்பப் புத்தகம் குடும்பத்தைச் சேர்க்க வேண்டும். அவருக்கு ஒரு வரி போதும். பெயர், பிறந்தது, பர்மாவில் காலமானார். அவ்வளவு.

---

கெடா தோட்டம் | திங்கள், இரவு 8.50

ஐயா சொல்றதுல உள்ள அக்கறை புரியுது. ஆனா நான் அந்த ஒரு வரிக்கு மறுபக்கத்துல இருக்கிற ஆளு.

நான் மலேசியா. எங்க தாத்தா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குல இறங்குனவரு. கெடாவுல ரப்பர்த் தோட்டம். ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் பாதைக்குப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. அவரு திரும்பல. எங்க பாட்டி அப்போ ரெண்டு பிள்ளையோட தோட்டத்துல. ஊர்ல அவருக்கு முன்னாடியே கல்யாணம் ஆகியிருந்தது பாட்டிக்குத் தெரியும்.

எட்டு வருஷம் முன்னாடி தேடிக்கிட்டு அந்த ஊருக்குப் போனேன். தஞ்சாவூர்ப் பக்கம். நல்லா வரவேற்றாங்க. சாப்பாடு போட்டாங்க. அவங்க வீட்டுச் சின்ன ஐயா ஒரு அழகான குடும்பப் புத்தகம் அடிச்சிருந்தாரு, ரொம்பப் பெருமையா எடுத்துக் காட்டுனாரு. தாத்தா பேரைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. "மலாயாவில் காலமானார். சந்ததி இல்லை."

அவரு என் முன்னாடிதான் உட்கார்ந்திருந்தாரு. நான் அந்தப் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அப்புறம் அவரே எழுந்து போயி ஒரு பேனா எடுத்துட்டு வந்து, "சந்ததி இல்லை"ங்கிறதை அடிச்சிட்டு, எங்க அப்பா பேரு, அத்தை பேரு, என் பேரு எல்லாம் கேட்டு ஓரத்துல எழுதுனாரு. அவரு கை நடுங்குச்சு. அந்தப் பக்கத்தைப் போன்ல படம் எடுத்து வச்சிருக்கேன்.

வைகைக்கரை அக்கா, புண் ஆற வேணும்தான். அதுக்காக இருக்கிற ஆளை இல்லைன்னு எழுதிட வேணாம். அவர் தப்புப் பண்ணாரா இல்லையான்னு தீர்ப்பு எழுத வேணாம். "பர்மாவில் திருமணம் செய்து அங்கேயே தங்கினார். அவர் பிள்ளைகளைப் பற்றி நமக்குத் தெரியவில்லை, தெரிந்தவர் சொல்லவும்." இது பொய்யும் இல்ல, யாரையும் குத்தவும் இல்ல. நாளைக்கு மாண்டலேயிலிருந்தோ மோரேயிலிருந்தோ ஒரு பிள்ளை வந்து நின்னா, அதுக்கு உட்கார ஒரு இடம் இருக்கும்.

---

கீழச்சீமை | திங்கள், இரவு 10.15

அம்மா, படித்தேன். "சந்ததி இல்லை" என்று போடச் சொல்லவில்லை நான், ஆனால் "பர்மாவில் காலமானார்" என்பதும் அதே மாதிரிக் கதவை அடைப்பதுதான் என்று இப்போது படுகிறது. பேசி வைத்த பெண் வீட்டாரிடம் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள் தங்கச்சி. புத்தகமாக வந்தபிறகு அவர்கள் பார்க்கக் கூடாது. அது மட்டும் என் வேண்டுகோள்.

---

கைநாட்டு | செவ்வாய், காலை 7.20

பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பூட்டி பெயருக்கு வருகிறேன்.

பாகப்பிரிவினைப் பத்திரங்களில் இருக்காது, அவை ஆண் வாரிசுகளுக்குள் எழுதியவை. ஆனால் பெண்கள் பெயர் பத்திரத்தில் வரும் சமயங்கள் உண்டு. கணவர் இறந்து, பிள்ளை மைனராக இருந்தால் தாய் கார்டியனாகக் கையெழுத்துப் போடுவார். சீதன நிலம் அவர் பெயரில் இருக்கும். முக்கியமாக, மகனை வெளிநாடு அனுப்ப நிலத்தை அடமானம் வைத்திருப்பார்கள். பர்மா, மலாயா போன வீடுகளில் கப்பல் செலவுக்கு எழுதிய அடமானப் பத்திரம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஊர் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தது என்று முதலில் பாருங்கள், இப்போதைய அலுவலகமாக இருக்க வேண்டியதில்லை. அங்கே இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்றாம் அட்டவணை ஆள் பெயரை வைத்து, இரண்டாவது சொத்தை வைத்து. உங்களிடம் பெயர் இல்லாததால் இரண்டாவதில் ஊர், சர்வே எண் வழியாகப் போங்கள். தாத்தா கப்பலேறிய வருடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வருடம் தேடச் சொல்லி மனுப் போடுங்கள். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகள், கையால்தான் புரட்ட வேண்டும். தேடல் கட்டணம் கட்ட வேண்டும், பொறுமையும் வேண்டும். எண் கிடைத்தால் முதல் புத்தகத்திலிருந்து சான்றிட்ட நகல் வாங்கலாம்.

---

மணப்பாறை | செவ்வாய், மதியம் 2.02

பத்திரமெல்லாம் அப்புறம் தேடுங்க. உங்க அத்தைய வீட்டுல என்ன சொல்லிக் கூப்புடுவாங்க? ரேஷன் கார்டுல அவங்க பேரு என்ன? ரெண்டும் ஒண்ணா?

தாத்தாவுக்கு மூத்த பொண்ணு அவங்கதானே?

---

வைகைக்கரை | செவ்வாய், மாலை 6.45

அக்கா, கூப்பிடுவது பாப்பா. 91 வயதிலும் ஊரே "பாப்பாத்தை" என்றுதான் சொல்கிறது. கார்டில் வேறு பெயர், ஒரு சாமி பெயர். ஆமாம், தாத்தாவுக்கு மூத்த பிள்ளை அவர்தான். ஏன் கேட்கிறீர்கள்?

---

மணப்பாறை | செவ்வாய், மாலை 7.10

எங்க வீட்டுல நான் தங்கம். கார்டுல வேற. ஏன்னா எனக்கு எங்க அப்பாவோட அம்மா பேரை வச்சாங்க. எங்க அம்மா தன் மாமியா பேரைச் சொல்லிப் பிள்ளைய எப்படி வாடி போடின்னு கூப்புடும்? வாயில வராது, மரியாதை இல்ல. அதனால தங்கம்.

மூத்த பேத்திக்கு அப்பத்தா பேரு. மருமக அதைச் சொல்ல மாட்டா, அதனால வீட்டுல பாப்பா, தங்கம், அம்முன்னு ஒரு பேரு. உங்க அத்தை கார்டுல இருக்கிறது சாமி பேரு மட்டும்தானான்னு பாருங்க.

---

வைகைக்கரை | செவ்வாய், இரவு 11.30

மூன்று மணி நேரமாக இதற்குப் பதில் எழுத முயல்கிறேன்.

என் முதல் நோட்டின் முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். பதினோரு வருடத்துக்கு முன் அத்தையிடம் பேசத் தொடங்கிய அன்று, மேலே தேதி போட்டு, "தகவல் சொல்பவர்" என்று எழுதி, கார்டைப் பார்த்து அந்தப் பெயரை என் கையால் எழுதியிருக்கிறேன். அதே நோட்டில் நாலாம் பக்கத்தில் பூட்டிக்கு ஒரு கோடு. இடையில் இரண்டு பக்கம்தான்.

ஆனாலும் இது ஊகம். பத்திரத்தைத் தேடாமல் அச்சில் போட மாட்டேன். கைநாட்டு ஐயா, நாளையே மனுப் போடுகிறேன்.

---

அச்சுக்கூடம் | புதன், காலை 9.15

அக்கா, தேடுங்கள். ஆனால் தேதியைத் தள்ளாதீர்கள். பத்திரம் வராவிட்டால் "இப்பெயராக இருக்கலாம் என்று நம்புகிறோம், காரணம் இது" என்று மணப்பாறை அக்கா சொன்னதை அப்படியே எழுதுங்கள். படிக்கிறவர்களுக்கு அதுவும் ஒரு தகவல்தான்.

உயிரோடு இருப்பவர்களின் முழுப் பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர் போட வேண்டாம். வருடம் போதும். முதல் பக்கத்தில் "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று போட்டுவிடுங்கள்.

---

வைகைக்கரை | (நாலு மாதம் கழித்து) வெள்ளி, இரவு 9.05

இத்தனை பேர் கை கொடுத்தீர்கள், சொல்லாமல் இருந்தால் ஆகாது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் கிடைத்தது. ஒரு அலுவலகத்தில் இல்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். கைநாட்டு ஐயா சொன்னபடி பழைய எல்லையைப் பார்த்தபோது எங்கள் ஊர் அந்தக் காலத்தில் வேறு அலுவலகத்தில் சேர்ந்திருந்தது. அங்கே ஒரு ஊழியர் இரண்டு மதியம் எனக்காகப் பதிவேடு புரட்டினார். 1931-ல் எழுதிய அடமானம். அறுபது சென்ட் புஞ்சை, 150 ரூபாய். "என் குமாரன் ரெங்கோன் பட்டணம் பிரயாணச் செலவுக்காக" என்று எழுதியிருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் பூட்டி. கணவர் பெயருக்குப் பின்னால் "பாரியாள்", அதாவது மனைவி, அதன்பின் அந்தப் பெயர். அடியில் அதே பெயருக்குப் பக்கத்தில் "கைநாட்டு".

அத்தையின் பெயரேதான். எழுத்து மாறாமல்.

அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். புத்தகத்தில் இருக்கிறது.

பேசி வைத்த பெண்ணின் பேத்தியைப் போய்ப் பார்த்தேன், கீழச்சீமை அண்ணன் சொன்னபடி. எழுதிய இரண்டு பக்கத்தையும் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "எங்க ஆச்சி பேரையும் போடுங்க, பேசி வச்சிருந்த பொண்ணுன்னு மட்டும் போடாதீங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்த ஆச்சி பிறகு யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளைகள், எந்த ஊரில் நிலம் வாங்கினார் என்று அரைப் பக்கம் அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். சின்னத் தாத்தாவுக்குக் கெடா தங்கை எழுதிக் கொடுத்த வரியை அப்படியே போட்டேன்.

புத்தகம் 176 பக்கம், 60 பிரதி, நூல் தையல். பதினாறு பாயிண்ட் எழுத்து. பெட்டி மரம் இல்லை, எண்கள்தான். கடைசியில் எட்டு வெற்றுப் பக்கம். வடமராட்சி தம்பிக்காக ஒரு பிரதியை ரொறன்ரோவில் உள்ள என் மாமா பேரனுக்கு அனுப்பியிருக்கிறேன். பத்து ஊர்க் கணக்கில் அது ஒன்று.

போன ஞாயிறு அத்தை மடியில் வைத்தேன். முதலில் மோந்து பார்த்தார். பிறகு எண் பட்டியல் இருக்கும் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். பூட்டி பெயரில் விரலை வைத்து, கூட்டிப் படித்து, "இது நானுல்ல" என்றார். இல்லை அத்தை, உங்க அப்பத்தா என்றேன். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை. "ஒரு தடவ கூட என்னைய யாரும் இந்தப் பேரச் சொல்லிக் கூப்புடல" என்றார்.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். நடை பற்றிய அத்தியாயத்தை நான் படித்துக்கொண்டே வந்தேன், அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். சின்னத் தாத்தாவைப் பற்றிய பக்கம் வந்தது. "ஊர் திரும்பவில்லை, ரங்கூனிலேயே தங்கிவிட்டார்" என்று நான் எழுதியிருந்தது. அத்தை கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ரங்கூன்ல எங்க தங்குனாரு? எங்க கூடத்தான வந்தாரு. கணவாய் முழுக்க என்னையத் தோள்ல தூக்கிட்டு வந்தது சித்தப்பாதான். எங்க அப்பாவுக்குக் காச்சலு. படகுல எங்கள ஏத்தி விட்டுட்டு, தண்ணியில முழங்கால் அளவு நின்னாரு. பொறவு திரும்பி நடந்து போனாரு, அந்தப் பொண்ணு மாசமா இருந்துச்சுல்ல."

பதினோரு வருடமாக இதைச் சொல்லவில்லையே அத்தை என்றேன். "அவரு பேச்ச எடுக்கக் கூடாதுன்னாங்க. நீயும் கேக்கல" என்றார்.

உண்மைதான், நான் கேட்கவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டேன், அவரைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை.

அச்சுக்கூடம் தம்பி, 22 பிரதி கைக்குப் போய்விட்டது, 38 என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் தவறாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

---

அச்சுக்கூடம் | வெள்ளி, இரவு 9.50

அக்கா, பழைய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், தையல் தளரும். அதே தாளில் நாலு பக்கம் அடித்து, உள்ளோரத்தில் மட்டும் மெல்லிய கோடாகப் பசை வைத்து, கடைசி வெற்றுப் பக்கங்களுக்கு முன்னால் ஒட்டிவிடலாம். போன 22 பேருக்கும் தபாலில் அனுப்பினால் அவர்களே ஒட்டிக்கொள்வார்கள். தவறான பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் "பின்சேர்க்கை பார்க்க" என்று எழுதச் சொல்லுங்கள். அத்தை சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை அடித்துத் தருகிறேன். இதற்குக் காசு வேண்டாம்.

---

கெடா தோட்டம் | வெள்ளி, இரவு 10.20

மாசமா இருந்தாங்கன்னா, அந்தப் பிள்ளைக்கு இப்போ 83 வயசு இருக்கும்.

---

வைகைக்கரை | சனி, காலை 5.40

ஆமாம் தங்கச்சி. ராத்திரி முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்சேர்க்கையில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு எண் கொடுத்துவிட்டேன்.

அச்சுக்கூடம் தம்பி, ஞாயிறு வேண்டாம், அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம். அத்தை விடியற்காலையிலேயே எழுந்து உட்கார்ந்து படகில் ஏறியதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாலு பக்கம் போதாது, எட்டாகப் போடுங்கள்.